பாதையின் ஹக்கும் வாகனம் ஓட்டுவோர் கடமையும்

புகழனைத்தும் அல்லாஹுத் தஆலாவுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் பெருமானார் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

ஒருநாள் இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் காலியான பின் ஒரு சகோதரர் என்னருகே வந்து அமர்ந்தார். நாற்பது வயதுக்குட்பட்டவர். ஜமாஅத் தொழுகையைத் தவற விடாதவர். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"ஹஜ்ரத், என் கார் மோதி கீரை விற்கும் பாட்டி ஒருத்தர் இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். போலீஸ், கோர்ட்டு, இன்சூரன்ஸ் எல்லாம் அதது பாட்டுக்கு நடக்கிறது. அல்லாஹ்விடத்தில் நான் என்ன செய்யவேண்டும் என்றுதான் ஒருத்தரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். 'தக்தீர், உன் மேல் குற்றமில்லை' என்று எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள். ஆனால் அந்த நேரம் என் ஒரு கையில் போன் இருந்தது, ஹஜ்ரத்."

இந்தக் கேள்விக்கு நம் கிதாபுகளில் தெளிவான விடை இருக்கிறது. அதை அவருக்குச் சொன்னேன். அவருக்கு மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது என்று பட்டதால் இங்கே எழுதுகிறேன். தொழுகைக்கும் நோன்புக்கும் மஸ்அலா கேட்டுத் தெரிந்து கொள்ளும் நாம், அன்றாடம் உயிர்களுக்கு நடுவே ஓட்டிச் செல்லும் வாகனத்துக்கு மஸ்அலா உண்டென்று நினைத்துப் பார்ப்பதில்லை.

பாதை யாருக்குரியது?

பாதையோரங்களில் உட்காருவதை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களுக்குத் தடுத்தார்கள். அங்கே கூடிப் பேசுவது தங்களுக்குத் தவிர்க்க முடியாதது என்று தோழர்கள் முறையிட்டபோது, அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிட்டு உட்காருங்கள் என்னும் கருத்துப்பட அருளினார்கள். பார்வையைத் தாழ்த்துதல், துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் சொல்லுதல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவை அந்த ஹக்குகள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. பாதையோரம் சும்மா உட்கார்ந்திருப்பவர் மீதே இத்தனை ஹக்குகள் என்றால், ஆயிரம் கிலோ இரும்பை அந்தப் பாதையின் நடுவே ஓட்டிச் செல்பவர் மீது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

மற்றொரு ஹதீஸை அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அம்புகளை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் வழியாகவோ கடைத்தெரு வழியாகவோ செல்பவர், அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும். யாரையும் அவை கீறிவிடக் கூடாது என்பது நபிகளாரின் கட்டளை. இதுவும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அம்பை எய்பவரைப் பற்றிய பேச்சு அல்ல இது. கையில் சும்மா கொண்டு போகிறவரைப் பற்றியது. அவருக்கு யாரையும் காயப்படுத்தும் எண்ணம் கிடையாது. இருந்தாலும் முனையைப் பற்றிக்கொள்ளும் கடமை அவர்மீதே சுமத்தப்பட்டது. ஒதுங்கிப் போங்கள் என்று மக்களிடம் சொல்லப்படவில்லை. இன்றைக்கு வாகனமே அந்த அம்பு. ஓட்டுபவரின் கண்ணும் கையும் கவனமும்தான் அதன் முனையைப் பற்றியிருக்கும் பிடி. செல்போனை எடுக்கும்போது அந்தப் பிடி விட்டுப்போகிறது.

இதனை அடிப்படையாகக் கொண்டே நம் ஃபுகஹாக்கள் ஒரு விதியை வகுத்தார்கள். பொதுப் பாதையில் செல்வது ஆகுமானது. ஆயினும் பிறருக்கு ஆபத்து நேராமல் காத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஆகுமானது. ஹனஃபி மத்ஹபின் 'ஹிதாயா' என்னும் கிதாபில், இமாம் புர்ஹானுத்தீன் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் இதன் கிளைகளை விரித்துரைக்கிறார்கள். சவாரி செய்பவரின் பிராணி தன் காலால் மிதித்து விளைவிக்கும் சேதத்துக்குச் சவாரி செய்பவரே பொறுப்பாளி. அது ஓடும்போது பின்னங்காலால் உதைத்துவிட்டால் பொறுப்பில்லை. முன்னே நோக்கிச் செல்பவரால் அதைத் தடுக்க இயலாது. ஆனால் பிராணியைப் பாதையில் நிறுத்தி வைத்திருந்து அது உதைத்தால் பொறுப்புண்டு. தவிர்க்க முடிந்ததா, முடியாததா என்பதே இங்கே அளவுகோல். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கிதாபு இது. மணி அடிக்கும் போனை எடுக்காதிருப்பது ஒருவரால் முடியுமா, முடியாதா? விடை நம் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே இன்னொரு சுன்னத்தையும் நினைவில் கொள்க. வாகனத்தில் செல்பவர் நடந்து செல்பவருக்கு முந்தி ஸலாம் சொல்ல வேண்டும் என்பது நபிமொழி. ஸலாம் என்பது பாதுகாப்பையும் சாந்தியையும் வேண்டும் துஆ. வலுவான நிலையில் இருப்பவர், எளிய நிலையில் இருப்பவருக்கு 'என்னால் உனக்குத் தீங்கில்லை' என்று முதலில் உறுதி தருகிறார். நம் சாலைகளிலோ வாகனத்தில் இருப்பவர் ஹாரனை அழுத்தி, நடப்பவரை ஓரத்துக்கு விரட்டுகிறார்.

ஒரு நெஞ்சில் இரு இதயம் இல்லை

"நான் பல வருடமாகப் பேசிக்கொண்டே ஓட்டுகிறேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அனுபவத்தையும் மார்க்கத்தையும் சேர்த்தே விடை சொல்ல வேண்டும்.

எந்த மனிதனின் நெஞ்சினுள்ளும் அல்லாஹ் இரண்டு இதயங்களை அமைக்கவில்லை என்ற கருத்து, திருக்குர்ஆனில் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4-வது வசனத்தில் வருகிறது. அது ளிஹார், வளர்ப்புப் பிள்ளை ஆகிய விஷயங்களை ஒட்டி வந்த வசனம், வாகனத்துக்காக வந்ததல்ல. ஆயினும் மனித இதயத்தைப் பற்றி அது கூறும் உண்மை எங்கும் பொருந்தும். ஒரே நேரத்தில் முழுமையாக இரண்டில் ஈடுபட மனிதனால் ஆகாது.

நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இதற்குச் சான்று காணலாம். வேலைப்பாடுள்ள ஒரு போர்வையை அணிந்து தொழுதபோது, தொழுகையில் தம் கவனத்தை அது ஈர்த்ததாகச் சொல்லி, அதை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டு, வேலைப்பாடில்லாத துணியைக் கேட்டு வாங்கினார்கள். மற்றொரு சமயம் ஒரு மோதிரத்தை அணிந்திருந்தார்கள். அதன்மீது ஒரு பார்வையும் தோழர்கள் மீது ஒரு பார்வையுமாக அன்று தம் கவனம் பிரிந்துவிட்டது என்று கூறி அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக நஸாயீயில் இது பதிவாகியிருக்கிறது. அந்த மோதிரம் பேசவில்லை, மணி அடிக்கவில்லை, படம் காட்டவில்லை. அப்படியிருந்தும் முன்னே அமர்ந்திருப்பவர்களின் ஹக்கில் குறை வருகிறதென்று அதை அகற்றினார்கள். நம் பார்வையோ சாலையின் மீது ஒன்று, செல்போனின் மீது ஒன்று என்று பிரிகிறது. நம் முன்னே இருப்பவை உயிர்கள்.

இதன் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. வந்த செய்தியைப் படிக்க ஐந்து வினாடி குனிந்தால் வண்டி 83 மீட்டர் கடந்துவிடும். பள்ளிவாசலில் ஒரு ஸஃப்புக்கு நான்கடி என்று வைத்துக்கொண்டால், அது 68 ஸஃப்புகளின் தூரம். ஜும்ஆவில் 68 ஸஃப்புகள் நிற்கும் ஓரிடத்தைக் கண்களை மூடிக்கொண்டு ஒருவன் வண்டியில் கடப்பதற்குச் சமமானது, ஐந்து வினாடி செல்போனைப் பார்ப்பது.

"நான் கையில் பிடிப்பதில்லை, காதில் கருவி மாட்டித்தான் பேசுகிறேன்" என்பார்கள். கை விடுபட்டது உண்மை, இதயம் விடுபடவில்லையே! அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுவதைப் போலவே அமைத்த இயந்திரத்தில் மக்களை அமர்த்திச் சோதித்தார்கள். போனில் பேசியபடி ஓட்டியவர்கள், அந்நாட்டுச் சட்டம் குறிக்கும் அளவுக்கு மது அருந்தி ஓட்டியவர்களுக்குக் குறையாமல் தடுமாறினார்கள். கையில் பிடித்துப் பேசியவருக்கும் காதுக்கருவியில் பேசியவருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஓட்டும்போது செல்போனைப் பயன்படுத்துபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது.

மதுவும் போனும் ஹுக்மில் ஒன்றென்று நான் கூறவில்லை. எவரும் அவ்வாறு விளங்கிவிட வேண்டாம். ஆனால் அறிவை மறைக்கும் பானத்தின் வாடையும் படாத நம் சமுதாயத்து வாலிபர், அதே தடுமாற்றத்தைப் பத்து விரல்களால் தாமே வரவழைத்துக் கொள்கிறாரே என்பதுதான் வருத்தம். செவி, பார்வை, இதயம் ஒவ்வொன்றும் மறுமையில் விசாரிக்கப்படும் என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36-வது வசனம் எச்சரிக்கிறது. வாகனம் ஓட்டும்போது போன் பறித்துக்கொள்வது இந்த மூன்றையும்தான்.

தக்தீரின் மீது போடலாமா?

நடப்பது யாவும் அல்லாஹ்வின் நாட்டப்படி என்பது நம் ஈமான். இறந்தவரின் வீட்டார் தக்தீரை நினைத்துப் பொறுமை கொள்வது நன்மை. ஆனால் கவனக்குறைவால் உயிர் போகக் காரணமானவர், தன் பிழையை மூடிக்கொள்ளத் தக்தீரைப் போர்வையாக்குவது வேறு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஒரு தோழருக்குக் கூறியதைத் திர்மிதீ அறிவிக்கிறது. உங்கள் கைகளாலேயே உங்களை நாசத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் அல்பகராவின் 195-வது வசனமும் இருக்கிறது.

இதைவிட நேரடியான விளக்கத்தை ஹிதாயாவில் காண்கிறோம். நாடாமல் நிகழ்ந்த கொலையில் கொலை செய்த பாவம் இல்லை. ஆயினும் கவனத்தைக் கைவிட்டதும், நிதானித்துப் பார்க்காததும் குற்றத்திலிருந்து நீங்கியவை அல்ல. அதற்குக் கஃப்பாரா விதிக்கப்பட்டிருப்பதே இதை உணர்த்துகிறது என்பது அந்த விளக்கத்தின் சாரம். ஆகவே 'உன் மேல் ஒன்றுமில்லை' என்று அந்தச் சகோதரருக்குச் சொன்னவர்கள் அன்பினால் சொன்னார்கள், இல்மினால் சொல்லவில்லை.

உயிர் போய்விட்டால் என்ன கடமை?

அந்நிஸா அத்தியாயத்தின் 92-வது வசனம் இதற்கு மூலாதாரம். நாடாமல் ஓர் உயிரைப் போக்கியவர்மீது இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, இறந்தவரின் வாரிசுகளுக்குத் தியத் என்னும் இழப்பீடு. அவர்களாகவே மன்னித்து தர்மமாக விட்டுவிட்டால் நீங்கும். மற்றொன்று, கஃப்பாரா. முஃமினான ஓர் அடிமையை விடுதலை செய்வது அதன் முதல் வகை. அதற்கு வழியில்லாதவர், தவ்பாவாக இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். இன்று அடிமை முறை இல்லாததால் நமக்கு உள்ளது இந்த நோன்பு ஒன்றே. இடையில் காரணமின்றி ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரமளானும் பெருநாட்களும் இடையில் குறுக்கிடாதவாறு தொடக்க நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சகோதரர் தயங்கியபடி இன்னொன்று கேட்டார். "அந்தப் பாட்டி நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லவே. அப்படியிருந்தும் கஃப்பாரா உண்டா?" உண்டு. அதே வசனம், உங்களோடு உடன்படிக்கை உள்ள சமூகத்தைச் சேர்ந்தவர் இறந்தாலும் தியத்தும் கஃப்பாராவும் கடமை என்று தனியே எடுத்துரைக்கிறது. ஹனஃபி, ஷாஃபியீ இரு மத்ஹபுகளிலும் இதுவே சட்டம். நாம் இந்நாட்டு மக்களோடு ஒரே அரசியல் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் செய்துகொண்டு வாழ்பவர்கள். சாலையில் வரும் எந்த உயிரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்தே.

இன்னொரு மஸ்அலா பலருக்குத் தெரியாது. தந்தை ஓட்டிய வண்டி கவிழ்ந்து அவருடைய மகனே மவுத்தானால்? தந்தையின் கவனக்குறைவே காரணமென்றால் அவர்மீது கஃப்பாரா கடமை. அதோடு, நம் நாட்டில் பின்பற்றப்படும் மேற்கண்ட இரு மத்ஹபுகளின்படியும், மகனின் சொத்தில் அவருக்கு வாரிசுப் பங்கு கிடையாது. துயரத்தின்மேல் துயரமாகத் தோன்றும் இந்தச் சட்டம், கவனத்தை ஷரீஅத் எவ்வளவு உயர்வாக மதிக்கிறது என்பதைக் காட்டுகிறது.

நீதிமன்றம் வழங்கும் நஷ்டஈடு வாரிசுகளுக்குப் போய்ச் சேரும். அது தியத்தின் கணக்கில் எவ்வளவு நிற்கும் என்பதை அவரவர் வழக்கின் விவரத்துடன் ஆலிம்களிடம் நேரில் கேட்டுத் தெளிக. ஆனால் கஃப்பாரா நோன்பை எந்த இன்சூரன்ஸும் நோற்றுத் தராது.

நாட்டுச் சட்டமும் ஷரீஅத்தும்

சாலை விதிகளை மீறுவதை நம்மில் சிலர் போலீஸாரோடு ஆடும் கண்ணாமூச்சியாகக் கருதுகிறார்கள். 1993 ஜூன் மாதம் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் எட்டாவது அமர்வு, ஷரீஅத்துக்கு முரண்படாத சாலை விதிகளைப் பின்பற்றுவது மார்க்கப்படியும் கடமையே என்று தீர்மானித்தது. வண்டியால் விளையும் சேதத்துக்கு ஓட்டுபவரே பொறுப்பு. தடுக்க முடியாத பெரும் சக்தி, பாதிக்கப்பட்டவரின் செயல், மூன்றாமவரின் தவறு ஆகியவை காரணமானாலே அவருக்கு விலக்கு உண்டு என்றும் அத்தீர்மானம் விவரிக்கிறது. போன் மணி அடித்தது இவற்றில் எதிலும் அடங்காது.

நம் நாட்டில் 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டபோது, கையில் பிடித்த தொடர்புக் கருவியைப் பயன்படுத்திக்கொண்டு ஓட்டுவது 184-வது பிரிவின் கீழ் ஆபத்தான ஓட்டுதலுக்குள் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. முதல் முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 2022-ம் ஆண்டு மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 462 பேர். ஓர் உயிரை அநியாயமாகப் போக்குவது மனித குலம் முழுவதையும் போக்கியதற்கு ஒப்பானது என்றும், ஓர் உயிரை வாழவைப்பது அனைவரையும் வாழவைத்ததற்கு ஒப்பானது என்றும் கற்பிக்கும் மார்க்கத்தார் நாம். இந்தக் கணக்கைக் கண்டு சும்மா இருக்கலாகாது.

அழைப்பவர் மீதுள்ள கடமை

இனிச் சொல்வதை வீட்டிலிருக்கும் தாய்மார்களும் பெரியவர்களும் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன்.

நாடாமல் நிகழ்ந்த கொலையின் தியத்தைக் குற்றம் செய்தவர் தனியாகச் சுமப்பதில்லை. 'ஆக்கிலா' எனப்படும் அவருடைய சுற்றத்தார் சேர்ந்து சுமப்பார்கள் என்பது ஃபிக்ஹின் சட்டம். தவறு ஒருவர் செய்ய, சுமை ஏன் மற்றவர்மீது? ஹிதாயா இதற்கும் காரணம் சொல்கிறது. அவரைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தாமல் விட்டதில் அவர்களுடைய குறையும் இருக்கிறது என்பதே அது. ஆகவே ஒருவர் சாலையில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில் அவர் வீட்டாருக்கும் பங்குண்டு.

முதலில் சொன்ன சகோதரரின் கதையில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அன்று அஸருக்குப் பின் எங்கள் பள்ளியில் ஒரு நிகாஹ். மணப்பெண்ணின் தாய்மாமன் அவர். அவர் வராமல் தொடங்க முடியாது என்று பெண் வீட்டார் காத்திருந்தார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. நிகாஹ் ஓத அமர்ந்திருந்த நான் அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார். "இதோ பாலத்துக்கிட்ட வந்துட்டேன் ஹஜ்ரத்" என்றார். அதற்குமேல் அவர் பேச்சு என் காதில் விழவில்லை.

வேறு யார் அழைத்திருந்தாலும் எடுத்திருக்கமாட்டேன், ஹஜ்ரத் ஆயிற்றே என்று மரியாதைக்கு எடுத்தேன் என்று அவர் பிறகு சொன்னார். என்னைக் குறை சொல்ல அவர் அதைச் சொல்லவில்லை. நேரடியாகச் செய்தவரும் காரணமானவரும் சேர்ந்து வரும்போது ஹுக்மு நேரடியாகச் செய்தவர்மீதே சேரும் என்பது ஃபிக்ஹின் விதி. அந்தக் கணக்கில் என்மீது கஃப்பாரா இல்லை. ஆனால் வண்டியில் வருபவரை மூன்று முறை அழைத்தது நான்தான். அவர் வண்டியில்தான் இருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

நாங்கள் இருவரும் அந்த மூதாட்டியின் வீட்டுக்குப் போனோம். அவருடைய மகன் எங்களை உட்கார வைத்தார். நாங்கள் மன்னிப்புக் கேட்டதற்கு அவர் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா எப்பவும் ரோட்டை விட்டு இறங்கி மண்ணுலதான் பாய் நடப்பாங்க" என்று மட்டும் சொன்னார். அந்தச் சகோதரர் அறுபது நாள் நோன்பை நோற்று முடித்துவிட்டார். அந்த வீட்டுக்குத் தம்மால் இயன்றதை மாதந்தோறும் சேர்ப்பித்து வருகிறார்.

மார்க்கம் இதற்கான அதபை நமக்கு முன்பே கற்றுத் தந்திருந்தது. ஒருவர் வீட்டு வாசலில் நின்று மூன்று முறை அனுமதி கேட்டும் விடை வராவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது நபிமொழி. அபூ மூஸா (ரலி) அவர்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டுவிட்டு, விடை வராததால் திரும்பிவிட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் காரணம் கேட்டபோது இந்த ஹதீஸையே எடுத்துரைத்தார்கள். திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிடுங்கள், அதுவே உங்களுக்குத் தூய்மையானது என்ற கருத்தை அந்நூர் அத்தியாயத்தின் 28-வது வசனமும் தருகிறது. வீட்டில் சும்மா இருப்பவருக்கே இந்த உரிமை என்றால், வண்டியின் பொறுப்பில் இருப்பவருக்கு மூன்று முறைகூட அழைக்க வேண்டியதில்லை. எடுக்காவிட்டால் நல்லவேளை, கவனமாக ஓட்டுகிறார் என்று மகிழுங்கள்.

வீடுகளில் வழக்கமாக்க வேண்டியவை

1. வண்டியைக் கிளப்புமுன் போனை ஒலியின்றி வைத்து, கைக்கெட்டாத இடத்தில் போட்டுவிடுங்கள். வழி பார்க்க வேண்டுமானால் புறப்படுமுன்பே பார்த்து அமைத்துக்கொள்ளுங்கள்.

2. பிறகு வாகன துஆவை ஓதுங்கள். அஸ்ஸுக்ருஃப் அத்தியாயத்தின் 13, 14-வது வசனங்களிலிருந்து வந்தது அது. இந்த வாகனத்தை நமக்கு வசப்படுத்தியவன் அல்லாஹ், நம் சக்தியால் இதை அடக்கியிருக்க மாட்டோம், நாம் அவனிடமே திரும்புகிறோம் என்பது அதன் கருத்து. மவ்த்தை நினைத்துக்கொண்டு வண்டி ஏறச் சொல்லித் தந்த துஆவை ஓதிவிட்டு, அடுத்த நிமிடமே போனை எடுக்கலாமா?

3. வீட்டாரை அழைத்தால் முதல் சொல் "வண்டியிலா இருக்கிறீர்கள்?" என்பதாக இருக்கட்டும். ஆம் என்றால் "வந்து பேசுங்கள்" என்று வைத்துவிடுங்கள். "உம்மா கூப்பிட்டால்கூட எடுக்காதே, ஓரம் நிறுத்திவிட்டுக் கூப்பிடு" என்று தாயே மகனுக்குச் சொல்லிவைக்க வேண்டும். பெற்றோருக்குக் கீழ்ப்படியும் பிள்ளைக்கு அந்த ஒரு சொல் பெரிய பாதுகாப்பு.

4. இரு சக்கர வாகனத்தில் ஹெல்மெட்டுக்குள்ளோ, தொப்பிக்குள்ளோ, முக்காட்டுக்குள்ளோ போனைச் செருகிப் பேசும் வழக்கத்தை அறவே விடுங்கள். ஒட்டகம் ஓட்டிய அன்ஜஷா (ரலி) அவர்களிடம், பெண்கள் ஏறியிருப்பதால் மெதுவாக ஓட்டும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அப்பெண்களைக் கண்ணாடிப் பாத்திரங்கள் என்று குறிப்பிட்டார்கள். நம் வண்டியின் பின்னே மனைவியும் குழந்தையும் இருக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. நோன்பு துறக்கும் நேரத்திலும், பெருநாள் இரவிலும், வெளிநாட்டிலிருந்து வருபவரை அழைத்துவர விமான நிலையம் செல்லும் பயணத்திலும் அவசரம் மிகுதி, அழைப்புகளும் மிகுதி. வண்டியில் ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் இருந்தால் வழியிலேயே நிறுத்தி நோன்பு துறக்கலாம். அரஃபாவிலிருந்து மக்கள் விரைந்தபோது, நிதானத்தைக் கடைப்பிடியுங்கள், விரைவில் நன்மை இல்லை என்ற கருத்தையே நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள்.

6. விபத்தைக் கண்டால் கடந்து போகாமல் உதவுங்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்பளிக்கிறது.

சில வினாக்கள்

வினா: ஓட்டும்போது கிராஅத்தும் பயானும் கேட்கலாமா?

விடை: புறப்படுமுன் போட்டுவிட்டுக் கைபடாமல் கேட்பதில் குற்றமில்லை. ஆனால் குர்ஆன் ஓதப்பட்டால் செவிதாழ்த்தி மௌனமாய்க் கேட்கும்படி அல்அஃராஃபின் 204-வது வசனம் கட்டளையிடுகிறது. நெரிசலில் அதற்கும் கவனம் தர இயலாது, சாலைக்கும் கவனம் குறையும் என்றால் நிறுத்திவிடுவதே இரண்டுக்கும் மரியாதை.

வினா: திக்ரு எண்ணும் கருவியை விரலில் மாட்டிக்கொண்டு ஓட்டலாமா?

விடை: நாவால் திக்ரு செய்வது சிறந்தது. எண்ணிக்கைக்காகக் கண்ணையும் விரலையும் கொடுக்க வேண்டாம். எண்ணாமல் செய்த திக்ரையும் அல்லாஹ் அறிவான்.

வினா: போனில் எழுத்தில் ஸலாம் வந்தால் பதில் சொல்வது கடமையல்லவா?

விடை: அது உங்களை வந்தடைந்து நீங்கள் படித்தபின் வரும் கடமை. ஓட்டும்போது படிக்காதீர்கள். வண்டியை நிறுத்தியபின் படித்துப் பதில் கூறுங்கள்.

அன்புச் சகோதர சகோதரிகளே! அந்த மூதாட்டி நடந்த மண்பாதையைக் கடக்கும் போதெல்லாம் என் நாவில் இஸ்திக்ஃபார் வருகிறது. அத்தகைய இஸ்திக்ஃபாருக்கு உங்களில் எவருக்கும் அவசியம் நேராதிருக்க வேண்டும் என்பதே என் துஆ. பாதையின் ஹக்கை நிறைவேற்றுபவர்களாகவும், நம்மால் எந்த உயிருக்கும் தீங்கு நேராதவர்களாகவும் அல்லாஹுத் தஆலா நம்மனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.